அலும்னா: வளர்ந்தவளா, வளர்ப்பவளா?

‘சொராரிட்டி’ என்ற சொல் 1882-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்ததாம். காமா ஃபை பீட்டா என்ற மாணவியர் சங்கத்துக்காக லத்தீன் பேராசிரியர் ஃபிராங்க் ஸ்மாலி அதைப் படைத்துத் தந்தாராம். அமெரிக்கக் கல்லூரிச் சங்கங்களைப் பற்றி எழுதுவோர் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். படைத்தார் என்பது பிழை. இடைக்கால லத்தீனில் ‘சொரோரிதாஸ்’ உண்டு. ஆங்கிலத்திலும் 16-ஆம் நூற்றாண்டிலேயே பெண்கள் கூட்டம் என்ற பொருளில் சொராரிட்டி வழங்கியிருக்கிறது. கிடந்த சொல்லை எடுத்துப் பொருத்தினார் ஸ்மாலி, அவ்வளவே. ‘பெண்கள் ஃபிரட்டர்னிட்டி’ என்று, அண்ணன் தம்பி உறவைச் சொல்லும் பெயரைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு அது நல்ல உதவிதான்.

வேர்ச்சொல் ‘சொரோர்’ வடமொழி ‘ஸ்வஸ்ரு’வுக்கும் ஆங்கிலச் ‘சிஸ்ட’ருக்கும் உடன்பிறப்பு. இரண்டு உயிர்களுக்கு நடுவே அகப்பட்ட சகரம் லத்தீனில் ரகரமாகும்; பூவைக் குறிக்கும் ‘ஃப்ளோஸ்’ வேற்றுமை ஏற்று ‘ஃப்ளோரிஸ்’ ஆவதைக் காண்க. இந்த விதியைப் பாராமல், ஒலி ஒத்தது என்று தமிழ்ச் ‘சேர்’ அடிக்கு இழுப்பது ஆராய்ச்சி ஆகாது. ‘சொரோசிஸ்’ என்ற சொல்லையும் இதே குடும்பத்தில் சேர்த்துவிடுகிறார்கள். 1867-இல் மான்மத் கல்லூரியில் தோன்றிய, இன்று பை பீட்டா ஃபை எனப்படும் சங்கத்தின் பழைய பெயர் ஐ.சி. சொரோசிஸ். அந்தச் சொல்லோ கிரேக்கம். குவியல் என்ற பொருளுடைய ‘சொரோஸ்’ அதன் அடி. தாவரவியல் படித்தவர்களுக்குத் தெரியும்: பல பூக்கள் ஒன்றுகூடி ஒரே கனியாகும் பலா, அன்னாசி, மல்பெரி ஆகியவை சொரோசிஸ் வகை. உடன்பிறந்தாளுக்கு அங்கே இடமில்லை.

நான் நிற்க விரும்புவது வேறொரு சொல்லிடம். பட்டம் பெற்றுப் போன பெண்கள் ஊர்தோறும் கூடும் சங்கக் கிளையை ‘அலும்னே சாப்டர்’ என்கிறார்கள். ‘அலும்னா’ ஒருமை, ‘அலும்னே’ பன்மை. நம்மவர்கள் ‘முன்னாள் மாணவி’ என்று எழுதிவிட்டு நகர்கிறார்கள். அடி ‘அலேரே’: ஊட்டுதல், வளர்த்தல். மணமுறிவு வழக்குகளில் ஜீவனாம்சத்தைக் குறிக்கும் ‘அலிமனி’ இதன் கிளை. உயர்ந்தது என்ற பொருளுடைய ‘அல்துஸ்’ஸும் அதுவே, ஊட்டி வளர்க்கப்பட்டது உயர்ந்துவிட்டது. ரோமானியக் கல்லறைக் கல்வெட்டுகளில் ‘அலும்னா’ என்றால் வளர்ப்புமகள். பெற்றவள் வேறு, பால் கொடுத்தவள் வேறு. செவிலியின் மகளே தோழி என்று தொல்காப்பியத்தில் படித்த நமக்கு இந்த உறவு புதிதல்ல. ஒரு வயிற்றில் பிறக்காதவர்கள் ஒருத்தி கையில் உண்டு வளர்ந்ததால் உறவானவர்கள். கல்லூரியை ‘அல்மா மாதேர்’ என்றதும் இதே அடியில்தான். செவிலித்தாய் என்பதே அதற்கு நேர்.

‘அலும்னா’வின் விகுதி செயப்பாட்டுப் பொருளது, ஊட்டப்பட்டவள் என்று மட்டுமே கொள்ளலாம் என்பர் இலக்கணக்காரர். அவர்கள் செவில் நகர இசிதோரைப் புரட்டட்டும். 7-ஆம் நூற்றாண்டில் அவர் எழுதிய சொற்பிறப்பு நூலின் பத்தாம் பகுதியில், ஊட்டுபவரையும் ஊட்டப்படுபவரையும் இச்சொல்லால் சொல்லலாம் என்கிறார். ஊட்டப்படுபவருக்கே அதிகம் பொருந்தும் என்றும் சேர்க்கிறார். சேர்க்கட்டும். இரு பொருளும் இயலும் என்று அவர் ஒப்புவதே எனக்குப் போதும்.

சொல்லுக்குப் பின்னால் பொருளைப் பார்க்க வேண்டும்: ஊட்டப்பட்டவர்களே ஊட்டுபவர்களான செயலை. 1908-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் தோன்றிய ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா, கறுப்பினப் பெண்கள் தமக்காக அமைத்த முதல் கிரேக்க எழுத்துச் சங்கம். அதன் தலைவி ஐடா ஜாக்சன் 1934-இல் மிசிசிப்பியில் கிராமப்புற ஆசிரியர்களுக்குக் கோடைப் பள்ளி நடத்தினார். பாடத்தைவிட உடல்நலமே முதலில் வேண்டும் என்பது அங்கே தெரிந்தது. மறு ஆண்டு மருத்துவர் டாரதி ஃபெரபீ தலைமையில் மருத்துவர்களும் செவிலியரும் ஆசிரியைகளும் ஹோம்ஸ் கவுண்டிக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனார்கள். தோட்ட முதலாளிகள் குத்தகைக் குடிகளை மருத்துவ முகாமுக்கு விட மறுத்தபோது, காரையே மருத்துவமனையாக்கி வயல்வெளிக்குக் கொண்டுசென்றார்கள். தொண்டை அடைப்பானுக்கும் பெரியம்மைக்கும் அங்கேயே தடுப்பூசி. 1942 வரை கோடைதோறும் இப்பணி நடந்தது. போர்க்காலப் பெட்ரோல் கட்டுப்பாடு வந்து அதை நிறுத்தியது.

டென்னசி மாநிலத்தின் கேட்லின்பர்கில் பை பீட்டா ஃபை 1912-இல் தொடங்கிய மலைப்பள்ளிக்குப் பின்னாலும் பட்டம் பெற்று வெளியேறிய பெண்களே இருந்தார்கள்.

ஆல்ஃபா காப்பா ஆல்ஃபா பட்டம் பெற்றோரின் கிளையை ‘கிராஜுவேட் சாப்டர்’ என்றல்லவா சொல்கிறது என்று ஒருவர் மடக்கலாம். ‘அலும்னே’ என்று எழுதுவது 1913-இல் பிறந்த டெல்டா சிக்மா தீட்டா. பெயர்ப்பலகை வேறு, பொருள் ஒன்று. ‘சாப்டர்’ பற்றியும் ஒரு வார்த்தை: துறவு மடத்தில் நாள்தோறும் ஒழுக்கநூலின் ஓர் அதிகாரத்தை வாசிக்கக் கூடியவர்களுக்கு அந்த அதிகாரத்தின் பெயரே ஒட்டிக்கொண்டது. தமிழில் அதைக் ‘கிளை’ என்று வழங்குவது மூலத்தைவிடச் சிறப்பு. சங்கநூல்களில் கிளை என்றால் சுற்றம்.

ஊட்டப்பட்டவள் எந்தக் கணத்தில் ஊட்டுபவளாக மாறினாள் என்று காட்ட என்னிடம் கல்வெட்டு எதுவும் இல்லை. ஆனால் சங்கத்தின் தொண்டு ‘சொரோர்’ என்ற சொல்லிலிருந்து வந்ததல்ல, ‘அலும்னா’விலிருந்து வந்தது என்பதே என் துணிபு. முன்னாள் மாணவியர் சங்கம் என்று எழுதும் கைகள் இனி ‘வளர்ப்புமகளிர் கிளை’ என்று எழுதட்டும்.