எண்ணிட்ட படிகளும் எரிந்த படிகளும்

தமிழில் 'வலி' என்னும் சொல் ஆற்றலையும் குறிக்கும், நோவையும் குறிக்கும். வள்ளுவர் 'வலியறிதல்' என ஓர் அதிகாரம் வகுத்தபொழுது கொண்டது முன்னைய பொருள். இக்கால வழக்கில் மேலோங்கி நிற்பது பின்னைய பொருள். 'வன்முறை' என்பதும் 'வல்' என்னும் அடியிற் பிறந்ததே. ஆற்றலும் நோவும் ஒரே சொல்லில் உறைதற்கு நெய்வேலியினும் தக்க விளக்கம் காண்டல் அரிது. 1956 நவம்பர் 14இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றிற்று. 1957 மே 20இல் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத்து நாட்டின் துணையால் எழுந்த அனல்மின் நிலையம் 1962இல் மின்விசை தரத் தொடங்கிற்று. அவ்விசையின் பொருட்டு ஊர்கள் இடம் பெயர்ந்தன. 2023 சூலையில் வளையமாதேவி வயல்களில் கால்வாய் வெட்டப்பட்டதும், அதனையொட்டி எழுந்த போராட்டம் கல்வீச்சிலும் தடியடியிலும் முடிந்ததும் பலரும் அறிந்தனவே.

இத்தகைய நிகழ்ச்சிகளைக் காட்டும் ஓவியப்படிகளைத் தொகுப்போர் உண்மையில் எதனைத் தொகுக்கின்றனர் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது.

இக்காலத் தொகுப்பாளர் பெரிதும் நாடுவது திரையச்சு. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணியின் கண்களுள் வேண்டாதவற்றை அடைத்து, எஞ்சியவற்றின் வழியே ரப்பர்ப் பலகையால் மையைத் தள்ளிப் படி எடுக்கும் முறை அது. நம்மூர்த் திருமண அழைப்பிதழும் மஞ்சட்பையும் இம்முறைக்குக் கடன்பட்டவை. இதனை ஓவியர் கையாளும்பொழுது படிகளின் தொகையை முன்னரே வரையறுத்து, ஒவ்வொன்றன் அடியிலும் 7/50 என்றாற்போலப் பென்சிலால் எண்ணிட்டு ஒப்பமிடுவர். ஐம்பதில் ஏழாவது படி என்பது பொருள்.

அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோல் 1971இல் வெளியிட்ட 'மின்நாற்காலி' என்னும் பத்துத் திரையச்சுக்களின் தொகுதி 250 படிகளாக அமைந்தது. நியூயார்க்கு மாநிலத்துச் சிங்சிங் சிறையின் கொலைக்கூடத்தை 1953இல் எடுத்த செய்திப்படமே அதன் மூலம். மின்விசை விளக்கையும் ஏற்றும், உயிரையும் வாங்கும். அந்நாற்காலியில் எவரும் அமர்ந்திலர். அறை வெறுமையாக உள்ளது. அவ்வெறுமையே அரசின் ஆற்றலை நன்கு காட்டுகிறது. எனினும் அப்படத்தின் தொகையை உறுதி செய்தது வாணிகம். அரசு அதனைத் தடுத்ததுமில்லை, அஞ்சியதுமில்லை.

தொகையை வாணிகமன்றி ஆற்றலே உறுதி செய்த இடங்களும் உள. ஸ்பெயின் நாட்டுக் கோயா 1810 முதல் பத்தாண்டளவில் செதுக்கிய 'போரின் கொடுமைகள்' அவர் வாழ்நாளில் வெளிவரவில்லை. 1828இல் அவர் மறைந்தார். 1863இல்தான் 80 தகடுகளும் 500 தொகுதிகளாக அச்சேறின. செர்மனியில் கேத்தே கோல்விட்சின் 'நெசவாளர் எழுச்சி'ப் படங்களுக்கு 1898இல் நடுவர் பரிந்துரைத்த பொற்பதக்கத்தைப் பேரரசர் மறுத்தார். டிரெஸ்டன் அச்சோவியக் கூடத்து மாக்ஸ் லேர்ஸ் அவருடைய படிகளை அவ்வாண்டிலேயே வாங்கிச் சேர்த்தார். பேரரசர் ஒதுக்கியதை அரும்பொருட் கூடத்து அலுவலர் ஒருவர் போற்றினார் என்பது தொகுப்பியல் வரலாற்றில் எண்ணத்தக்கது.

நம் நாட்டில் இதற்குரிய சான்று சித்தபிரசாத் பட்டாச்சாரியர் (1915–1978). வங்கப் பஞ்சத்தின்போது, 1943 நவம்பரில், அவர் மிதுனபுரி மாவட்டத்தில் நடந்து சென்று கண்டவற்றை மையால் வரைந்தார், எழுத்திலும் பதிந்தார். 'பசித்த வங்கம்' என்னும் அச்சிறுநூல் 5000 படிகள் அச்சாயிற்று. ஆங்கில அரசு அவற்றைப் பறிமுதல் செய்து எரித்தது. குடும்பத்தார் வங்கிப் பெட்டகத்திற் காத்த ஒரு படி எஞ்சிற்று. 2011இல் தில்லி ஆர்ட் கேலரி அதனைப் பார்த்து மறுபதிப்பு வெளியிட்டது. அந்நூல் ஓவியர் தம் கையால் எடுத்த படியன்று, மலிவான அச்சே என்பர் சிலர், மெய்தான். ஆயின் 5000இல் 1 என அதற்கு எண்ணிட்டவர் ஓவியரல்லர். அவ்வெண்ணை எழுதியது நெருப்பு. எந்த ஒப்பமும் இதனினும் சிறந்த சான்றாகாது என்பது எம் கருத்து.

சோமநாத ஓரர் (1921–2006) வேறு நெறியில் சென்றார். சிற்றகாங் வட்டாரத்தில் குண்டுவீச்சையும் பஞ்சத்தையும் இளமையிற் கண்டவர் அவர். 1971 முதல் 'காயங்கள்' என்னும் வரிசையை ஆக்கினார். களிமண் அல்லது மெழுகுப் பரப்பைக் கீறியும் குத்தியும் சுட்டும் புண்படுத்தி, அதனைச் சிமிட்டி அச்சாக வார்த்து, அதன்மேற் காகிதக் கூழை அழுத்திப் படி எடுத்தார். மை இல்லை, உருவமும் இல்லை, வெண்மையில் வெண்தழும்பு. படி எடுத்தல் என்பதே ஒன்றன்மேல் ஒன்றை அழுத்தும் செயல். அவ்வழுத்தத்தையே ஓரர் பொருளாக்கினார். இவற்றைச் சுவரில் தொங்கவிட்டு நேரே ஒளி பாய்ச்சினால் தழும்பு மறையும், பக்கவொளியிலேயே புலப்படும்.

இனித் தொகுப்பார்க்கு வருவோம். ஏட்டுச்சுவடி திரட்டிய உ.வே.சாமிநாதையர் எவ்வூரில் எவர் வீட்டிலிருந்து ஏடு கிடைத்தது என்பதைத் தம் பதிப்புரைகளில் எழுதி வைத்தார். அச்சோவியப் பட்டியல்களோ பெரும்பாலும் அளவு, ஆண்டு, எண், விலை என்பனவற்றோடு நின்றுவிடும். ஒரு படி எவர் கையில் இருந்தது, எவர் தடுத்தார், ஏனைய படிகள் என்னாயின என்பவற்றிற்கு அவற்றில் இடமில்லை. வன்முறையைப் பொருளாகக் கொண்ட படியில் இக்குறிப்பும் படைப்பின் கூறேயாகும்.

நெய்வேலி போன்ற ஊரில் தொகுக்கத் தொடங்குவோர் எண்ணிட்ட தாளை மட்டும் தேடின் பெரிதும் கிட்டாது. நிலங்கொள்ளும் அறிவிக்கை, சங்கத் துண்டறிக்கை, திரையச்சிட்ட கொடி, தட்டி ஆகியவற்றிற்கு ஒப்பமும் இல்லை, தொகையும் இல்லை. அவற்றைத் தேதியும் இடமும் எழுதி எடுத்து வைத்தல் வேண்டும். தட்டியின் இடத்தை ஃபிளெக்ஸ் பிடித்துவிட்டமையால், பழைய துணித்தட்டிகள் துடைதுணியாவதற்கு முன் அது நிகழ்தல் நன்று.