பூசிய கருமையும் பூசிய வெளுப்பும்: பழைய படங்களின் வேடத்தேர்வு குறித்து

பழைய திரைப்படங்களில் வரும் நிற, இன இழிவுகளைப் பற்றிய வாதம் பெரும்பாலும் கதையையே சுற்றி வருகிறது. படம் யாரைக் கேலி செய்தது, யாருக்காக இரங்கியது என்று பார்த்துத் தீர்ப்பெழுதிவிடுகிறோம். வேடம் யாருக்குப் போயிற்று, அவர் முகத்தில் என்ன பூசினார்கள் என்ற விசாரணை நடப்பதேயில்லை. அதை நடத்தினால், நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட படங்களே முதலில் கூண்டில் ஏற வேண்டியிருக்கும் என்பது என் கருத்து.

1963இல் வெளிவந்த 'நானும் ஒரு பெண்' படத்தை எடுத்துக்கொள்வோம். ஏ.சி. திருலோகச்சந்தர் இயக்கியது, ஏவிஎம் தயாரிப்பு, வங்காள நாடகம் ஒன்றின் தழுவல். கறுப்பி, படிக்காதவள் என்று இகழப்படும் மருமகள் கல்யாணி தன் குணத்தால் ஜமீன் குடும்பத்தின் அன்பைப் பெறுகிறாள். கல்யாணியாக விஜயகுமாரியும் கணவனாக எஸ்.எஸ். ராஜேந்திரனும் மாமனாராக எஸ்.வி. ரங்காராவும் நடித்தார்கள். சிறந்த தமிழ்ப்படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. இந்தியில் மீனாகுமாரி, தெலுங்கில் சாவித்திரி என்று அதே வேடம் மீண்டும் பெயர்பெற்ற நட்சத்திரங்களிடமே போயிற்று. கறுத்த பெண்ணுக்கு நியாயம் கேட்ட கதையில், நட்சத்திரத்தின் முகத்துக்குத்தான் கருமை பூசினார்கள்.

நடிப்பு என்றாலே வேடந்தானே, தெருக்கூத்தில் அரிதாரம் பூசவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கூத்தின் சிவப்பும் பச்சையும் பாத்திரத்தின் இயல்பைக் காட்டும் மரபு நிறங்கள். தெருவில் நடந்துபோகிற எவருடைய தோலையும் அவை போலி செய்வதில்லை. கல்யாணியின் கருமை அப்படிப்பட்டதன்று. 'கறுத்த நடிகை கிடைக்கவில்லை' என்பதோ தமிழ்நாட்டில் சொல்லக்கூடிய சாக்கா?

புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு வகுப்பில் இப்படத்தை அலசியபோது ஒரு மாணவி சொன்னார்: "எங்க வீட்ல எல்லாருமே அந்த நிறந்தான் சார், இதுல என்ன கறுப்பு?" ஆய்வாளர்கள் தவறவிடும் இடத்தை அவர் தொட்டுவிட்டார். கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு முகம் கறுப்பாகத் தெரிவது பக்கத்து முகங்கள் வெளுத்திருப்பதால்தான். அக்காலத்தில் நாயகன், நாயகி, தோழி வரை எல்லோருக்கும் பான்கேக் என்ற வெளிர்பூச்சை அப்பி, மேலே பளீரென விளக்கடித்தார்கள். அந்த வெளுப்பு யார் கண்ணிலும் வேடமாகப் படவில்லை. கல்யாணியின் கருமை மட்டும் பட்டது. நம் சினிமா செய்த பெரிய நிறமோசடி அன்றாடம் பூசிய வெள்ளையில்தான் இருந்தது.

வெள்ளையர் முகத்தில் கருமை பூசிக் கறுப்பினத்தவராக நடிப்பதைக் குறிக்கும் 'பிளாக்ஃபேஸ்' என்ற அமெரிக்கச் சொல்லை இங்கே அப்படியே ஒட்டவைக்க முடியாததும் இதனால்தான். புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்த 1935இல் பாரிஸில் 'பிரின்செஸ் தாம் தாம்' வந்தது. கறுப்பின அமெரிக்கரான ஜோசஃபின் பேக்கர் துனீசியப் பெண்ணாக நடித்தார். இந்திய மகாராஜாவாக வந்தவர் ழான் கலான் என்ற பிரெஞ்சு நடிகர். அங்கே ஆண்டவன் ஆளப்பட்டவனின் வேடத்தைப் போட்டான். இங்கே அரங்கில் உட்கார்ந்திருந்த பெரும்பான்மையோரின் நிறத்தையே திரை ஒரு குறையாகக் காட்டியது, அவர்களும் கைதட்டினார்கள்.

'சிவாஜி' (2007) இதன் தொடர்ச்சி. பாரி மகளிரான அங்கவை, சங்கவையின் பெயர்களைச் சூட்டிய இரு பெண்களுக்குக் கருமை பூசிச் சிரிப்பு மூட்டினார்கள். அதே படத்தின் ஒரு பாடலில் ரஜினிகாந்தின் தோலை, ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தோலைக் கொண்டு கணினியில் வெளுப்பாக்கினார்கள். பான்கேக்கின் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான். இப்படத்தைக் கண்டிப்பது எளிது. 1963ஆம் ஆண்டுப் படத்தைக் கண்டிக்கத்தான் நமக்கு மனம் வருவதில்லை.

இன இழிவு என்ற சொல் இன்னும் நேராகப் பொருந்துவது நரிக்குறவர் வேடங்களுக்கு. வாக்ரிபோலி என்ற தனிமொழி பேசும் அம்மக்கள் திரையில் பாசிமணி, ஊசி, கொச்சைத் தமிழ் என்று சுருங்கிப்போனார்கள். 'ஒளிவிளக்கு' (1968) படத்தில் எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் அந்த வேடத்தில் ஆடினார்கள். வேடம் கொண்டாடப்பட்டது, வேடத்துக்குரியவர்களின் கதி வேறு. 2023 மார்ச்சில் சென்னையில் 'பத்து தல' படத்துக்கு நுழைவுச்சீட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தை ஒரு திரையரங்கின் வாசலில் தடுத்தார்கள். தணிக்கைச் சான்றையும் பிள்ளைகளின் வயதையும் காரணம் சொன்னார்கள். எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே உள்ளே விட்டார்கள்.

இதற்காகப் பழைய படங்களை மறைத்துவைக்கச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மறைத்தால் சான்றே போய்விடும். 'அந்தக் காலம் அப்படி' என்று கடந்துபோவதும் ஆய்வாகாது. நம் திரை வரலாற்று நூல்கள் பாடலாசிரியர் பெயரையும் ஓடிய நாட்களையும் குறிக்கின்றன. ஒப்பனை எப்படி நடந்தது, துணை நடிகர்களை எந்தத் தெருக்களிலிருந்து கூட்டிவந்தார்கள் என்பதைக் குறிப்பதில்லை. அக்கால ஒப்பனைக்காரர்களும் துணை நடிகர்களும் சிலரேனும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். திரைப்பட ஆய்வு செய்யும் மாணவர்கள் முதலில் அவர்களிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு போக வேண்டும்.