சிறையும் கோட்டமும்

'சிறு அறை' சுருங்கித்தான் 'சிறை' ஆயிற்றென்று மேடைதோறும் சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். சிறுமையும் அறையும் புணர்ந்தால் சிற்றறை ஆகுமே தவிரச் சிறை ஆகாது. தொல்காப்பியர் பெருக்கைத் தடுத்து நிற்கும் கல்லணையைக் கற்சிறை என்கிறார். அங்கே அறை ஏது? வள்ளுவர் வாழ்க்கைத் துணைநலத்தில் காவலையும், வெருவந்த செய்யாமையில் அரணையும் இச்சொல்லால் குறிக்கிறார். தடுத்துக் காத்தலே இதன் அடிப்பொருள். பறவையின் சிறையை இதில் சேர்ப்பதா என்பது வேறு வழக்கு.

சிறையோடு ஒட்டிவரும் கோட்டம் என்ற சொல்லைத்தான் யாரும் கவனிப்பதில்லை. காந்தியின் சிறைவாசத்தைப் பற்றிய பேச்சிலும் அப்படித்தான். உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது, 1930 மே 5 அன்று நள்ளிரவு கடந்ததும் கராடி முகாமில் காந்தியைக் கைது செய்தார்கள். 1827ஆம் ஆண்டின் 25ஆம் ஒழுங்குவிதி கையிலிருந்ததால் விசாரணையே இல்லை. பூனாவை அடுத்த எரவாடாவில் அடைபட்ட அவர், செவ்வாய்தோறும் சபர்மதி ஆசிரமத்துக்கு நோன்புகளைப் பற்றிக் கடிதம் எழுதினார். குஜராத்தியில் அவை 'மங்கள பிரபாதம்' என நூலாயின; மங்களம் இங்கே செவ்வாய்க்கிழமை. தாம் இருந்த இடத்தை அவர் குறித்தது 'எரவாடா மந்திர்' என்று. ஜெயிலைக் கோயிலாக்கிய சொற்புதுமை எனப் பலர் வியக்கிறார்கள். மணிமேகலை படித்தவர் வியக்க வேண்டியதில்லை. சிறைக்கோட்டம் அறக்கோட்டமானதற்கு அதில் ஒரு காதையே உண்டு. சிலம்பிலோ தெய்வங்கள் உறையும் இடங்கள் கோட்டங்கள். புறநானூறு 74இன் அடிக்குறிப்பில், கேட்ட தண்ணீர் தாமதமாக வந்ததால் பருகாமல் சேரமான் கணைக்கால் இரும்பொறை உயிர்விட்ட இடமும் குடவாயிற் கோட்டம். (இதை 1932இல் காந்தி எரவாடாவில் இருந்த உண்ணாநோன்போடு ஒப்பிடுவோர் உண்டு. அவன் மானத்துக்காக மறுத்தான். இவர் தனி வாக்காளர் தொகுதி ஏற்பாட்டை எதிர்த்தார். ஒப்புமை நிற்காது.)

வடமொழிக் கோஷ்டமே கோட்டம் ஆயிற்று என்பாரும் உளர். மணப்பொருளான கோட்டம் வேண்டுமானால் குஷ்டத்திலிருந்து வந்திருக்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. இடத்தைக் குறிக்கும் கோட்டத்துக்கு அந்த வழி வேண்டாம்; கோடுதல் என்றால் வளைதல். நடுவுநிலைமை அதிகாரத்தில் சொல்லின் வளைவும் கோட்டமே. வளை என்பதிலிருந்து வளாகம் பிறந்ததுபோல, கோடு என்பதிலிருந்து மதில் வளைத்த இடத்துக்குக் கோட்டம் பிறந்தது. கோட்டையும் அதன் உடன்பிறப்பு. கைதிக்கும் கடவுளுக்கும் ஒரே பெயர் கிடைத்தது இந்த மதிலால்தான். மந்திர் என்பதைக் கோயில் என்று பெயர்ப்பவர்கள் பெயர்த்துக்கொள்ளட்டும். நான் எரவாடாக் கோட்டம் என்றே எழுதுவேன்.