இடுப்புத் தண்டுவடக் கால்வாய்க் குறுக்கம்: வரலாறும் வலி நிவாரணமும்

லம்பார் ஸ்பைனல் ஸ்டெனோசிஸ் எனப்படும் இந்நோயில், கீழ்முதுகில் நரம்புகள் செல்லும் எலும்புக் குழாய் சுருங்கி அவற்றை நெருக்குகிறது. சிறிது நடந்தாலே கால் வலித்து மரத்துப்போகும், உட்கார்ந்தால் தணியும். இதனால் நெடுங்காலம் இது இரத்த ஓட்டக் குறையாகவோ வெறும் மூப்பாகவோ எண்ணப்பட்டது.

நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகர நரம்பறுவை மருத்துவர் ஹெங்க் வெர்பீஸ்ட் 1949, 1954ஆம் ஆண்டுகளில் எழுதிய கட்டுரைகளே இதைத் தனி நோயாக நிலைநாட்டின. முதுகெலும்பின் பின்தகட்டை அகற்றியதும் நோயாளிகளின் வலி நீங்கியது அவருக்குச் சான்றாயிற்று. நிமிர்ந்தால் குழாய் மேலும் குறுகும், குனிந்தால் சற்று விரியும். நடக்க முடியாதவர் சைக்கிள் மிதிப்பது இதனால்தான், அது நடிப்பன்று.

அதே 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பறுவைத் துறையைத் தொடங்கினார். இன்று பொம்மையார்பாளையத்தாருக்கு அருகிலேயே புதுச்சேரி ஜிப்மர் உள்ளது.

எல்லோருக்கும் அறுவை தேவையில்லை. இயன்முறைப் பயிற்சியும் வலி மாத்திரையும் பலருக்குப் போதும். முதுகில் போடும் ஸ்டீராய்டு ஊசியின் பலன் பெரும்பாலும் குறுகிய காலமே. அறுவை முதுகுவலியைவிடக் கால்வலியையே நன்கு தணிக்கிறது. ஆனால் சிறுநீர், மலம் கட்டுப்பாடின்றிப் போனால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.