வேலையில்லத்து நோயாளர்

இங்கிலாந்திலே 1834ஆம் ஆண்டில் புதிய வறியோர் சட்டம் நிறைவேறியது. உடல்வலியுள்ள ஏழைக்கு வீட்டிலேயே உதவி வழங்குவதை இயன்றவரை நிறுத்தி, உதவி வேண்டுவோரை வேலையில்லம் என்னும் விடுதிக்குள் வரச் செய்வது அதன் நோக்கம். அங்கே கணவனும் மனைவியும் பிள்ளைகளும் வெவ்வேறு பகுதிகளிற் பிரித்து வைக்கப்பட்டனர். வெளியே கூலிக்கு உழைப்போருள் மிகத் தாழ்ந்தவன் நிலையிலும் உள்ளே இருப்பவன் நிலை கீழானதாதல் வேண்டும் என்பது சட்டம் வகுத்தோர் கொள்கை. சோம்பேறியை அச்சுறுத்தி உழைப்பின்பால் திருப்ப அது உதவும் என அவர்கள் கருதினர்.

ஆனால், நோயாளியை அச்சுறுத்தி நோயினின்று விலக்க இயலுமா? கொள்கை தடுமாறிய இடம் இதுவே. முதியோரும் பிணியாளரும் ஆதரவற்ற குழந்தைகளுமே வேலையில்லங்களிற் பெருந்தொகையினராயினர். தரும வைத்தியசாலைகள் தீராத நோயாளரையும் தொற்றுநோயாளரையும் பெரும்பாலும் ஏற்பதில்லை. ஆகவே, தண்டனைபோல் அமைக்கப்பட்ட விடுதியே ஏழைகளின் வைத்தியசாலையுமாயிற்று.

அங்கே நோயாளரைப் பராமரித்தோர் பயிற்சி பெற்ற தாதியர் அல்லர். விடுதியில் அடைக்கலம் புகுந்த ஏழைப் பெண்களே. அவர்களுட் பலர் மருந்துப் புட்டியின் மேலெழுதியதை வாசிக்கவும் அறியாதவர். இலண்டன் ஸ்திராண்ட் வேலையில்லத்தில் 1856இல் கடமையேற்ற வைத்தியர் ஜோசப் ரொஜர்சின் சம்பளம் ஆண்டுக்கு 50 பவுண். நோயாளருக்குரிய மருந்தையும் அவர் அதிலிருந்தே வாங்க வேண்டியிருந்தது. மருந்து மிகுந்தால் வைத்தியரின் வருவாய் குறையும்! நோயாளர் படுத்திருந்த சாளரங்களின் அருகே கம்பளங்களை அடித்துப் புழுதி போக்கும் தொழிலும் நடந்தது. அதனால் விடுதிக்கு வருமானம் உண்டு.

ஹோல்போன் வேலையில்லத்திலே படுக்கைப் புண்ணால் வருந்திய திமோதி டேலி என்னும் தொழிலாளி 1864இல் இறந்தமை பொதுமக்களின் மனச்சாட்சியைத் தொட்டது. அடுத்த ஆண்டில் ‘லான்செற்’ என்னும் வைத்திய இதழ் இலண்டன் வேலையில்ல நோயகங்களை ஆராய்ந்து, கண்டவற்றை வெளியிட்டது. அதே 1865இல், லிவர்ப்பூல் வேலையில்லத்திற்கு அக்னெஸ் ஜோன்ஸ் அம்மையார் பயிற்சி பெற்ற 12 தாதியருடன் சென்றார். வணிகர் வில்லியம் ராத்போன் அதற்குப் பொருளுதவி புரிந்தார். அம்மையார் 1868இல், தம் 35ஆம் வயதில், நச்சுக்காய்ச்சலுக்கு இரையானார். அவர் காட்டிய வழி நிலைத்தது.

1867ஆம் ஆண்டுச் சட்டம் இலண்டனிலே வேலையில்லத்தினின்று வேறான நோயகங்களுக்கும், தொற்றுநோய் வைத்தியசாலைகளுக்கும் இடமளித்தது. செல்வம் மிக்க பகுதிகளும் பங்களித்த பொது நிதியிலிருந்து மருந்துச் செலவு கொடுக்கப்பட்டது. ஆயினும், இவ்வளவுக்கும் வாதாடிய ரொஜர்ஸ் 1868இலே ஸ்திராண்டில் தம் பதவியை இழந்தார்.

இன்னுமோர் இழிவு எஞ்சியிருந்தது. வறியோர் நிதியில் மருந்து பெற்றவன் வாக்குரிமையை இழப்பான் என்னும் விதியே அது. மருந்துதவி மாத்திரம் பெற்றோரை 1885ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விதியினின்று விடுவித்தது. இறுதியில், 1948 யூலை 5ஆந் தேதி தேசிய சுகாதார சேவை தொடங்கிற்று. அதே நாளில் பழைய வறியோர் சட்டமும் மறைந்தது.

பழைய வேலையில்லக் கட்டிடங்கள் பல புதிய சேவையின் வைத்தியசாலைகளாயின. பெயர்ப்பலகை மாறிய பின்னரும் அவ்வாயிலைக் கடக்க அஞ்சிய முதியோர் இருந்தனர். சட்டத்தை ஒரு நாளில் நீக்கிவிடலாம்; அது விதைத்த அவமானம் நீங்கத் தலைமுறைகள் செல்லும். நோயுற்றவனிடம், உதவிக்கு நீ தகுதியுடையவனா என்று கேட்குமுன் எந்தச் சமுதாயமும் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று.