உடுப்பு கதை சொன்ன வரலாறு

பெருநாள் நெருங்கினால் நம் ஊர் உடுப்புக் கடைகளெல்லாம் வீடியோ போடுகின்றன. துணி வரும், திரும்பும், விலை வரும், முடிந்துவிடும். இவற்றை எடுப்பவர்களில் பலர் நம்மிடம் படித்த பிள்ளைகள். அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

உடுப்பைப் படம் பிடிப்பது சினிமா பிறந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1890களில் அமெரிக்காவில் எடிசனின் நிறுவனம் அன்னபெல் என்ற நடனக்காரியைப் படமெடுத்தது. ஒரு நிமிடம்கூட ஓடாத படம். கதையும் இல்லை, பேச்சும் இல்லை. கைகளை வீசி, அகலமான துணியை அலை அலையாகச் சுழற்றுகிறாள், அவ்வளவுதான். லோயி ஃபுல்லர் என்ற கலைஞர் புகழ்பெறச் செய்த ஆட்டம் அது. அன்று படம் கறுப்பு வெள்ளை. ஆகவே பிரதிகளில் கையாலேயே நிறம் தீட்டினார்கள். சனங்கள் பார்த்தது ஆளையல்ல, துணியை.

பிறகு பிரிட்டனில் பாத்தே நிறுவனம் 1921 முதல் 1933 வரை பெண்களுக்கென்றே ‘ஈவ்ஸ் ஃபில்ம் ரிவியூ’ என்ற வாராந்தத் திரைச் சஞ்சிகையை நடத்தியது. புதுப் பாணி உடைகள் அதில் அடிக்கடி வந்தன. ஆனால் அங்கே உடுப்பு காட்சிப்பொருள் மட்டுமே. நம் கடை வீடியோக்கள் இன்னும் நிற்பது இந்த இடத்தில்தான்.

2000ஆம் ஆண்டில் லண்டன் புகைப்படக் கலைஞர் நிக் நைட் ‘ஷோஸ்டூடியோ’ இணையத்தளத்தைத் தொடங்கினார். உடுப்பு அசைவுக்காகத் தைக்கப்படுவது, அசையாத படத்தில் அதன் பாதி போய்விடுகிறது என்பது அவர் வாதம். 2011இல் இத்தாலியின் மியு மியு நிறுவனம் பெண் இயக்குநர்களைக் கொண்டு குறும்படத் தொடர் ஒன்றை ஆரம்பித்தது. அவர்கள் உடைகள் படத்தில் வர வேண்டும், கதை இயக்குநருடையது.

அதில் 2013இல் ஏவா டுவெர்னே எடுத்த ‘தி டோர்’ படத்தில் மனமுடைந்து வீட்டுக்குள் ஒடுங்கிய ஒரு பெண்ணைத் தேடி உறவும் நட்பும் வருகிறார்கள். அவள் தேறி வருவதை ஒவ்வொரு உடை மாற்றமும் நமக்குச் சொல்கிறது. வசனம் செய்ய வேண்டிய வேலையை உடுப்பு செய்கிறது.

நமக்கு இன்னும் நெருக்கமானது 2018இல் வந்தது. சவூதியின் முதல் பெண் திரைப்பட இயக்குநர் ஹைஃபா அல் மன்சூர் எடுத்தது. 1980களின் ரியாத், ஒரு கலியாண வீடு. பெண்கள் கறுப்பு அபாயாவோடு வந்து இறங்குகிறார்கள். உள்ளே போனதும் அபாயா களைகிறது. பளபளக்கும் உடைகள், பெருமை, பொறாமை, வசதியானவர், இல்லாதவர் என்ற பிரிவு எல்லாம் வெளியே வருகின்றன. பாடகியின் பாட்டு இடையில் தடைப்படுகிறது. மானம் போகும் நேரம். உம்மாவைக் காப்பாற்றச் சின்ன மகள் துடிக்கிறாள்.

கவனியுங்கள். அந்தப் படம் அபாயாவைப் புகழவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. அதை உடுத்தவர்களை மனிசராகக் காட்டியது.

2019 ஏப்ரலுக்குப் பிறகு நம் பெண்களின் உடுப்பைப் பற்றி இந்த நாட்டில் யார்தான் பேசவில்லை? தொலைக்காட்சி பேசியது, அரசியல்வாதி பேசினார், பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரும் பேசினார். உடுத்தவளின் குரல்தான் குறைவாகக் கேட்டது. நம் கதையை நாம் சொல்லாவிட்டால் மற்றவர் சொல்லிவிடுவார்.

சொல்வதற்கு நம்மிடம் என்ன இல்லை? சேலைத் தலைப்பால் முக்காடிட்ட உம்மம்மா. மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய் வந்த உம்மாவின் பெட்டிக்குள் இருந்த முதல் அபாயா. பெருநாளைக்கு முந்திய இரவில் விடிய விடிய மிதிக்கப்படும் தையல் மெசின். மூத்தவளுக்குத் தைத்து, சுருக்கி, இளையவளுக்குப் போன சட்டை. ஒவ்வொன்றும் மூன்று நிமிடப் படம். விலையைக் கடைசியில் போடுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன் அந்த உடுப்பு யாருடையது என்று ஒரு தடவை காட்டுங்கள்.