உளவுச் சித்திரக்கதையில் துணைமாந்தரின் இளமை: 'இரத்தப் படலம்' கிளைக்கதைகள் பற்றிய ஒரு நோக்கு

புனைகதையைச் சமூக வரலாற்றோடு இணைத்து நோக்கும் முறையினை 1968இல் வெளிவந்த 'தமிழ் நாவல் இலக்கியம்' நூலின் வாயிலாகக் கைலாசபதி நமக்கு வகுத்துத் தந்தார். அம்முறையைச் சந்தைக்கெனப் படைக்கப்படும் சித்திரக்கதையின்மீது பிரயோகித்துப் பார்ப்பது வீண் முயற்சி எனச் சிலர் கருதக்கூடும். ஆயினும், பல்லாயிரம் வாசகர் விரும்பிப் படிக்கும் ஒன்றினை ஆராயாது ஒதுக்குதல் முற்போக்கான செயலாகாது என்பதே நமது நிலைப்பாடாகும்.

மருதமுனை போன்ற நெசவூர்களுக்கும் சிவகாசிச் சித்திரக்கதைகளுக்குமிடையே விநோதமானதொரு தொடர்புண்டு. 1972இல் 'முத்து காமிக்ஸ்' தமிழகத்தில் தோன்றிய வேளையில், இலங்கையில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்தன. வெளிநாட்டுத் துணி வராமையால் நமது தறிகள் ஓய்வின்றி ஓடின. சாரனுக்கும் சேலைக்கும் நல்ல கிராக்கி இருந்தது. தமிழக வணிகச் சஞ்சிகைகளும் அதே கொள்கையினால் கட்டுப்படுத்தப்பட்டன. அக்கட்டுப்பாட்டை நமது முற்போக்கு எழுத்தாளர்கள் வேண்டி நின்றமையும் மறத்தற்குரியதன்று. 1977இன் பின்னர்ப் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபோது மலிவான துணியும் வண்ண அட்டைச் சஞ்சிகைகளும் ஒரே வாயிலினூடாக உட்புகுந்தன. தறிகளுக்கு நேர்ந்த கதியை இங்கு விரிக்க வேண்டியதில்லை.

1984இல் தொடங்கிய 'லயன் காமிக்ஸ்' பின்னர் 'இரத்தப் படலம்' என்னும் பெயரில் வெளியிட்ட கதையே நமது ஆய்வுப் பொருள். பெல்ஜிய நாட்டவரான ழான் வான் ஹாம் எழுத, வில்லியம் வான்ஸ் வரைந்த இத்தொடர் 1984இல் பிரெஞ்சு மொழியில் தொடங்கியது. கடற்கரையில் குற்றுயிராகக் கிடக்கும் ஒருவன் கண்விழிக்கின்றான். தன் பெயரும் அவனுக்கு நினைவில்லை. உடலிற் பச்சை குத்தப்பட்ட பதின்மூன்று என்னும் ரோம எண்ணே அவனது ஒரே அடையாளம். றொபேட் லட்லம் 1980இல் எழுதிய நாவலின் சாயலும், 1963இல் கென்னடி கொல்லப்பட்டமையின் நிழலும் இக்கதையில் வெளிப்படை.

உளவுக் கதையின் நாயகனுக்குப் பெரும்பாலும் இளமைப் பருவம் இருப்பதில்லை. திறனும் ஆயுதமும் கட்டளையும் மட்டுமே அவனுக்குண்டு. யார் பெற்ற பிள்ளை, எந்த வறுமை அவனை இத்தொழிலுக்குத் தள்ளியது என்னும் வினாக்கள் எழுவதில்லை. வான் ஹாம் இக்குறையையே கதையின் கருவாக்கி நாயகனை நினைவிழந்தவனாக்கினார். துணைமாந்தர் நிலையோ வேறு. அவர்களுக்கு நினைவிருந்தது, அதனை எவரும் கேட்கவில்லை. வான் ஹாம்–வான்ஸ் கூட்டு 2007இல் நிறைவெய்திய பின்னரே பதிப்பகம் அவர்கள்பாற் திரும்பியது. 2008 முதல் 2018 வரை, ஆளுக்கொரு நூலாகப் பதின்மூன்று கிளைக்கதைகள், ஒவ்வொன்றும் வெவ்வேறு எழுத்தாளர் ஓவியர் கைவண்ணத்தில் வெளிவந்தன. கூலிக் கொலைஞன் மங்கூஸ் முதலாவதாக இடம்பெற்றான். வணிக நோக்கம் இதிலே தெளிவு. ஆனால் வணிகம் திறந்த கதவினூடாகச் சில வேளைகளில் வரலாறும் நுழைந்துவிடுவதுண்டு.

2010இல் யான் எழுதி, எரிக் ஹெனினோ வரைந்த 'லிட்டில் ஜோன்ஸ்' இவ்வகையிற் குறிப்பிடத்தக்கது. ஜெனரல் காரிங்டனின் உதவி அதிகாரியான ஜோன்ஸ் ஒரு கறுப்பினப் பெண். மூலத்தொடரில் அவளது நிறம் ஓவியனின் வண்ணமாக மட்டுமே நின்றது. கிளைக்கதையில் அது வரலாறாகின்றது. 1960களின் நிறவெறியும் கறுப்புச் சிறுத்தைகள் இயக்கமும் அவளது இளமையின் பின்புலமாகின்றன. எனினும் ஒரு வரம்பு முன்கூட்டியே இடப்பட்டுள்ளது. இச்சிறுமி பிற்காலத்தில் அமெரிக்கப் படையதிகாரி ஆவாள் என்பதை வாசகர் அறிவர். ஆகவே அவளது இளமை எத்தெருவிற் தொடங்கினும் படைமுகாமின் வாயிலிலேயே முடிந்தாக வேண்டும். ஒடுக்கப்பட்டவளின் சினத்தை ஒடுக்கிய அரசே சீருடை அணிவித்து ஏற்றுக்கொள்கின்றது.

உண்மையில் நிகழ்ந்தது யாது? 1966இல் ஒக்லண்ட் நகரில் ஹியூயி நியூட்டனும் பொபி சீலும் அமைத்த அவ்வியக்கம், 1969இல் ஏழைச் சிறுவர்க்குக் காலையுணவு வழங்கத் தொடங்கியது. எப்.பி.ஐ. நிறுவனம் 1956 முதல் நடத்திவந்த 'கொயின்டெல்புரோ' என்னும் இரகசியத் திட்டம் அதன்மீதும் ஏவப்பட்டது. சிக்காகோவில் கறுப்பினத்தவர், புவேட்டோ ரிக்கர், வறிய வெள்ளையர் ஆகியோரை ஓரணியிற் திரட்டிய பிரெட் ஹம்ப்டன், 1969 டிசம்பர் 4 அதிகாலையிற் பொலிஸாரால் படுக்கையிலேயே கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 21. உடனிருந்த மார்க் கிளார்க்கும் மாண்டார். பொலிஸார் சுட்ட வேட்டுக்கள் எண்பதுக்கு மேல். எதிர்த்தரப்பிலிருந்து வந்தது ஒன்றே.

அவ்வீட்டின் வரைபடத்தை, கட்டில் கிடந்த இடத்தையும் குறித்து, எப்.பி.ஐ.யிடம் கையளித்தவன் வில்லியம் ஓநீல் என்னும் கறுப்பின இளைஞன். கார்த் திருட்டு வழக்கிற் சிக்கியவனை, இருபது வயது நிரம்புமுன்னரே, வழக்கிலிருந்து விடுவிப்பதாகக் கூறி ஒற்றனாக்கினர். இயக்கத்தின் சிக்காகோக் கிளையில் அவன் பாதுகாப்புப் பொறுப்பாளனாகவும் உயர்ந்தான். கொலையின் பின்னர் அவனுக்குக் கிடைத்த சன்மானம் 300 டொலர். உளவுத் தொழிலில் ஒரு துணைமாந்தரின் இளமை எனின் இதுவே நமக்குப் படுகின்றது. வீரமோ அழகோ இதிலில்லை. ஒரு வழக்கும் ஒரு பேரமும் ஒரு சிறு தொகையுமே உள்ளன. சித்திரக்கதை ஜோன்ஸுக்கு அளித்த இளமையோடு இதனை ஒப்புநோக்கும்போது, அக்கதை எதனைக் காட்டுகின்றது என்பதைவிட எதனைக் காட்டத் துணியவில்லை என்பதே முதன்மை பெறுகின்றது.

கிழக்கிலங்கை வாசகர்க்கு இவ்வேறுபாட்டை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைத் தொடர்ந்த ஆண்டுகளிற் சுற்றிவளைப்புகளின்போது வரிசையில் நிறுத்தப்பட்டோர் முன்னே, முகம் மூடிய ஒருவன் அமர்த்தப்பட்டான். அவன் தலையசைத்தால் ஒருவர் கொண்டு செல்லப்படுவார். 'தலையாட்டி' என்னும் சொல் நமது பேச்சுவழக்கில் அவ்வாறே நிலைபெற்றது. அவனும் அநேகமாக இளைஞனே. அவனையும் முன்னொரு நாள் யாரோ பிடித்துச் சென்று பேரம் பேசியிருப்பர். அவனது இளமையை வரையத் துணியும் சித்திரக்கதைக்கு நாயகன் தேவைப்படமாட்டான்.

1971 மார்ச்சில் பென்சில்வேனியாவிலுள்ள மீடியா என்னும் சிற்றூரின் எப்.பி.ஐ. அலுவலகத்துட் புகுந்த போர் எதிர்ப்பாளர் சிலர் கோப்புகளைக் கவர்ந்து பத்திரிகைகளுக்கு அனுப்பிய பின்னரே இத்திட்டம் உலகறிய வந்தது. ஓநீலின் பெயர் 1973இல் வெளிப்பட்டது. கொல்லப்பட்டோர் குடும்பத்தாரும் உயிர்தப்பியோரும் தொடுத்த வழக்கு, 1982இல் 18 இலட்சத்து 50 ஆயிரம் டொலர் இழப்பீட்டுடன் இணக்கத்திற் தீர்ந்தது. ஓநீல் 1990 ஜனவரியில் மாண்டான்.